கையொப்பமா, இரகசிய இலக்கமா? கடையில் அட்டையால் காசு கட்டுவோர் அறிய வேண்டியவை

மண்கும்பானில் பாணும் பருப்பும் வாங்கக் காசு போதும். பெட்டிக்கடை முதலாளி நம்மை அறிவார், நாம் அவரை அறிவோம். கையில் இல்லாவிட்டால் கொப்பியில் எழுதிவிட்டுத் தருவார். ஆனால் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாண நகரத்துக்குப் பெருநாள் உடுப்பு எடுக்கவோ, மருந்து வாங்கவோ, சுப்பர் மார்க்கெட்டில் மாதச் சாமான் வாங்கவோ போனால் நிலைமை வேறு. அங்கே காசாளர் நம்மை அறியமாட்டார். அட்டையை நீட்டினால், ஒரு கடையில் "தங்கச்சி, பின் நம்பரை அடியுங்கோ" என்பார்கள். அடுத்த கடையில் "அக்கா, இதில ஒரு சைன் வையுங்கோ" என்பார்கள். மூன்றாவது கடையில் இரண்டும் கேட்காமல், இயந்திரத்தில் தொட்டவுடன் சாமானைப் பையில் போட்டுத் தந்துவிடுவார்கள்.

ஏன் இந்த வேறுபாடு? இவற்றில் எது பாதுகாப்பானது? தவறு நடந்தால் இழப்பு யாருடையது? இன்று பல வீடுகளில் அட்டையைப் பையில் வைத்திருப்பவர் உம்மா. அதை இயக்கத் தெரிந்தவர் பாடசாலை செல்லும் மகள். ஆகவே இருவரும் சேர்ந்து வாசிப்பதற்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

காசுக்கும் அட்டைக்கும் உள்ள வேறுபாடு

காசு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சொந்தம்போல் நடந்துகொள்ளும். ஆயிரம் ரூபாய்த் தாளைக் கடைக்காரரிடம் கொடுக்கும்போது "இது உங்களுடையதுதானா?" என்று அவர் கேட்பதில்லை. தொலைந்தாலும் பறிபோனாலும் அது திரும்பி வராது. 1990 ஒக்ரோபர் இறுதியில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மூத்தவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. வீட்டில் இருந்த காசும் கழுத்தில் கிடந்த நகையும் ஒரே நாளில் இல்லாமற் போனதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

வங்கிக் கணக்கில் உள்ள பணம் அப்படியல்ல. அது ஒரு பெயருக்குரியது. அட்டை என்பது பணமல்ல. "இந்தப் பெயருக்குரியவரின் கணக்கிலிருந்து இவ்வளவு தொகையைக் கடைக்குக் கொடு" என்று வங்கிக்குச் சொல்லும் ஒரு கருவி. அதனால்தான் ஒரு கேள்வி எழுகிறது: அட்டையை நீட்டுபவர் அந்தப் பெயருக்குரியவர்தானா? கையொப்பமும் இரகசிய இலக்கமும் இந்த ஒரே கேள்விக்கான இரண்டு விடைகள்.

அட்டையிலும் இரு வகை உண்டு. டெபிட் அட்டை நம் கணக்கில் ஏற்கனவே உள்ள பணத்தை எடுக்கிறது. கடனட்டை வங்கியின் பணத்தை முதலில் செலவழித்துப் பின்னர் நாம் திருப்பிக் கட்டுவது. குறித்த திகதிக்குள் முழுத் தொகையையும் கட்டாவிட்டால் வட்டி ஏறும். வட்டியிலிருந்து விலகி நிற்க விரும்பும் நம் வீடுகளுக்கு டெபிட் அட்டையே பொருத்தமானது. கடனட்டை பற்றி ஐயம் உள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை.

கையொப்பத்தின் காலம்

ஆரம்பகால அட்டைகளில் எழுத்துகள் மேடாகப் பொறிக்கப்பட்டிருந்தன. கடைக்காரர் அதன்மேல் கார்பன் தாளை வைத்து உருட்டி ஒரு பிரதி எடுப்பார். வாங்குபவர் அதில் கையொப்பமிடுவார். அட்டையின் பின்புறம் உள்ள கையொப்பத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பது காசாளரின் கடமை. பின்னர் அட்டையின் முதுகில் கறுப்பு நிறக் காந்தப்பட்டி வந்தது. இயந்திரத்தில் இழுத்தவுடன் அட்டை இலக்கம் வங்கிக்குப் போனது. ஆனால் ஆளை அடையாளம் காண்பது அப்போதும் கையொப்பத்தால்தான்.

இதில் இரண்டு பலவீனங்கள் இருந்தன. முதலாவது, வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது கையொப்பத்தை உற்றுப் பார்க்கும் காசாளர் அரிது. அட்டையைத் திருடியவர் பின்புறம் உள்ளதைப் பார்த்தே எழுதிப் பழகிவிடலாம். இரண்டாவது, காந்தப்பட்டியில் உள்ள தகவல் என்றும் மாறாதது. ஒலிநாடாவைப் பிரதி எடுப்பதுபோல அதையும் பிரதி எடுத்து, வேறொரு வெற்று அட்டையில் பதிந்துவிடலாம். உரிமையாளரின் அட்டை அவரது பையிலேயே இருக்கும். பணம் மட்டும் வேறொரு நாட்டில் செலவாகும்.

நாலு இலக்கம் வந்த கதை

இரகசிய இலக்கம் முதலில் கடைக்காக வந்ததல்ல, காசு தரும் இயந்திரத்துக்காக வந்தது. 1967 ஜூன் 27 ஆம் திகதி இலண்டனின் என்பீல்ட் பகுதியில் பார்க்ளேஸ் வங்கி அத்தகைய இயந்திரம் ஒன்றைத் திறந்தது. அதை உருவாக்கிய ஜோன் ஷெப்பர்ட் பரன் இந்தியாவின் ஷில்லொங்கில் பிறந்தவர். தமது இராணுவ எண்ணைப்போல ஆறு இலக்கங்கள் வைக்கலாம் என்று அவர் எண்ணினாராம். சமையலறை மேசையில் மனைவியிடம் கேட்டபோது, தம்மால் நான்குதான் நினைவில் வைக்க முடியும் என்று அவர் சொல்லவே, நான்கே நிலைத்ததாக ஷெப்பர்ட் பரன் பின்னாளில் கூறினார். அதே காலத்தில் ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் ஜேம்ஸ் குட்பெலோவும் இரகசிய இலக்க முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

அடுத்த மாற்றம் சிப். 1974 இல் பிரான்ஸ் நாட்டவரான ரோலன் மொரேனோ சிறு மின்சுற்றை அட்டைக்குள் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1992 இறுதிக்குள் பிரெஞ்சு வங்கி அட்டைகளில் சிப் பொதுவாகிவிட்டது. நம் அட்டையின் முகத்தில் பொன்னிறமாகத் தெரியும் சதுரம் அதுவே. காந்தப்பட்டி மாறாத ஒரே தகவலைச் சொல்கிறது. சிப்போ ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் புதிய குறியீடு ஒன்றைக் கணித்துத் தருகிறது. இன்று கேட்ட விடையைப் பதிவுசெய்து நாளை பயன்படுத்தினால் வங்கி ஏற்காது. ஆகவே சிப் உள்ள அட்டையைப் போலியாகச் செய்வது மிகக் கடினம்.

பிரித்தானியாவில் 2003 இல் நோர்தம்டன் நகரில் சிப்பையும் இலக்கத்தையும் சேர்த்துப் பரீட்சித்துப் பார்த்தார்கள். 2006 பெப்ரவரி 14 முதல் கடைகளில் கையொப்பத்துக்குப் பதில் இலக்கமே வழமையானது. இந்தியாவில் 2013 டிசெம்பர் 1 முதல் கடைகளில் டெபிட் அட்டைக்கு இலக்கம் கட்டாயம் என்று ரிசேர்வ் வங்கி விதித்தது. அமெரிக்கா நெடுங்காலம் கையொப்பத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. 2018 ஏப்ரலில் அங்குள்ள நான்கு பெரிய அட்டை நிறுவனங்கள் கையொப்பக் கட்டாயத்தை நீக்கின. இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் உறவினர் யாழ்ப்பாணக் கடையில் பேனையை நீட்டினால் விழிப்பதற்கு இதுவே காரணம்.

எது கேட்பது என்று யார் தீர்மானிக்கிறார்கள்?

காசாளரின் விருப்பப்படி இது நடப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவல்ல. அட்டையை வழங்கிய வங்கி, சிப்புக்குள் ஒரு பட்டியலை எழுதி வைத்திருக்கிறது. "முதலில் இலக்கம் கேள், முடியாவிட்டால் கையொப்பம், தொகை சிறிதானால் எதுவும் வேண்டாம்" என்பதுபோல அது வரிசையாக இருக்கும். கடையின் இயந்திரத்துக்கும் தன்னால் எவற்றைச் செய்ய முடியும் என்று ஒரு பட்டியல் உண்டு. அட்டையைச் செருகியதும் இரண்டும் பேசிக்கொள்கின்றன. இரண்டுக்கும் பொதுவானவற்றில் முதலில் வருவது தெரிவாகிறது. அதனால்தான் ஒரே கடையில், ஒரே இயந்திரத்தில், உம்மாவின் அட்டை இலக்கம் கேட்கும்; மாமியின் அட்டை கையொப்பம் கேட்கும்.

அலைக்கோடுகள் போன்ற அடையாளம் உள்ள அட்டையைத் தொட்டாலே போதும். ஒரு குறிப்பிட்ட தொகை வரை அது எதையும் கேட்பதில்லை. அந்தத் தொகை எவ்வளவு என்பதையும், வேண்டாமென்றால் அந்த வசதியை நிறுத்த முடியுமா என்பதையும் உங்கள் வங்கிக் கிளையில் கேட்டறியுங்கள். அட்டை தொலைந்தால், இலக்கம் தெரியாத ஒருவரும் அந்தத் தொகை வரை செலவழிக்கக்கூடும்.

இழப்பு யாருடையது?

கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான். காசோலையில் யாராவது நம் கையொப்பத்தைப் போலியாக இட்டால், அந்தக் கையொப்பம் செல்லாது என்பது பழைய சட்டம். இங்கிலாந்தில் 1882 ஆம் ஆண்டின் மாற்றுண்டியல் சட்டம் அதைச் சொன்னது. அதை ஒட்டி இலங்கையிலும் 1927 இல் மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம் வந்தது. போலிக் கையொப்பத்தை நம்பிப் பணம் கொடுத்த வங்கி, பொதுவாக அந்த இழப்பை நம் கணக்கில் எழுத முடியாது. கையொப்பம் நம்முடையதா என்று தாளைப் பார்த்து ஆராயவும் முடியும்.

இரகசிய இலக்கம் வந்தபோது இந்த நிலை மெல்ல மாறியது. இலக்கத்தை அழுத்திய விரலின் அடையாளம் எங்கும் பதிவாவதில்லை. 4 ஐ நீங்கள் அழுத்தினாலும் அது 4 தான், திருடன் அழுத்தினாலும் அது 4 தான். "சரியான இலக்கம் அடிக்கப்பட்டுள்ளது. ஒன்றில் நீங்களே செலவழித்தீர்கள், அல்லது இலக்கத்தைக் கவனயீனமாக வெளியே விட்டீர்கள்" என்று பிரித்தானிய வங்கிகள் பல வாடிக்கையாளரிடம் சொல்லத் தொடங்கின. அதாவது, குற்றமற்றவர் என்று காட்டும் பாரம் வாடிக்கையாளரின் தோளுக்கு வந்தது.

2010 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரொஸ் அண்டர்சன், ஸ்டீவன் மேர்டொக் ஆகியோரைக் கொண்ட குழு ஒரு குறைபாட்டைக் காட்டியது. திருடிய அட்டைக்கும் கடை இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு கருவியை வைத்து, எந்த இலக்கத்தை அடித்தாலும் "சரி" என்று இயந்திரம் நம்பும்படி செய்ய முடிந்தது. அட்டையோ கையொப்பத்தால் நடப்பதாக எண்ணிக்கொண்டிருந்தது. கையொப்பத்துக்கும் இலக்கத்துக்கும் இடையில் இருந்த சிறு இடைவெளியே அங்கு வழியானது. "இலக்கம் அடிக்கப்பட்டது" என்ற பதிவு எப்போதும் உண்மையாக இருக்கத் தேவையில்லை என்பதை இது காட்டியது. பிரித்தானியாவில் 2009 இல் நடைமுறைக்கு வந்த கொடுப்பனவுச் சேவை ஒழுங்குவிதிகளும், அட்டை பயன்படுத்தப்பட்டதாகப் பதிவு இருப்பது மட்டுமே உரியவர் அனுமதித்தார் என்பதற்குப் போதுமான சான்றாக வேண்டியதில்லை என்று கூறின.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு. திருடனைத் தடுப்பதில் கையொப்பத்தைவிட இலக்கம் வலிமையானது, ஐயமில்லை. ஆனால் இலக்கத்தை நாமே வெளியே விட்டுவிட்டால், பின்னர் நமக்காகப் பேச எந்தத் தாளும் இராது. வங்கியோடு நாம் செய்யும் ஒப்பந்தத்தில், இலக்கத்தை எவருக்கும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். அதை மீறியவரின் முறைப்பாடு பலவீனமாகிவிடும்.

வீட்டுக்குள் ஓர் அட்டை, பல கைகள்

நம் வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறார். அவரது பெயரில் உள்ள அட்டை உம்மாவிடம் இருக்கிறது. இலக்கம் ஒரு துண்டுத் தாளில் எழுதி அட்டையோடு சேர்த்து மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. உம்மாவுக்கு இயந்திரத்தில் வரும் ஆங்கிலம் புரியாததால், மகளிடமோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ, சிலவேளை காசாளரிடமோ அட்டையையும் தாளையும் ஒன்றாகக் கொடுக்கிறார்.

கையொப்பக் காலமாக இருந்தால் இது உடனே வெளித்தெரிந்திருக்கும். கணவர் பெயரில் மனைவி கையொப்பமிட வேண்டி வந்திருக்கும். அது தவறு என்று இருவருக்கும் உறைத்திருக்கும். இலக்கம் அந்த உறுத்தலை மறைத்துவிடுகிறது. ஆனால் சட்டத்தின் பார்வையில் நிலைமை ஒன்றுதான்: அட்டை யார் பெயரிலோ, பயன்படுத்த உரிமை அவருக்கே.

இதற்குத் தீர்வு உம்மாவைத் திட்டுவதல்ல. உம்மாவின் பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை அதற்கே அனுப்பச் சொல்லலாம். அவருக்கென்று ஓர் அட்டையும் அவரே தெரிவுசெய்த இலக்கமும் இருக்கும். அல்லது இருவரும் சேர்ந்த கூட்டுக் கணக்கு வைத்து, இருவருக்கும் தனித்தனி அட்டை கிடைக்குமா என்று வங்கியில் கேட்கலாம். ஒரு பெண் தன் பெயரில், தன் இலக்கத்தில், தன் வீட்டுச் செலவை நடத்துவது சிறிய விடயமல்ல. இடம்பெயர்ந்த வாழ்வில் குடும்பத்தைத் தாங்கிய தாய்மார் பலருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

மாணவிகள் செய்ய வேண்டியது, உம்மாவின் இலக்கத்தைத் தெரிந்துகொண்டு அவருக்காக அடிப்பதல்ல. அவரே அடிக்கும்படி கற்றுக்கொடுப்பது. கடையில் பக்கத்தில் நின்று, "உம்மா, தொகை சரியா பாருங்க. இப்ப உங்கட நாலு இலக்கத்தையும் அடிச்சுட்டுப் பச்சை பட்டனை அழுத்துங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். மூன்று தடவை போனால் பழகிவிடும். இலக்கம் ஓர் அமானிதம் போன்றது. பெற்ற பிள்ளையாயினும் கேட்காதிருப்பதே அதற்குரிய மரியாதை.

இலக்கத்தைத் தெரிவுசெய்தல்

நான்கு இலக்கங்களால் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்களை அமைக்கலாம். பொதுவாக மூன்று முறை பிழையாக அடித்தால் அட்டை முடக்கப்படும். எனவே கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பவருக்குப் பத்தாயிரத்தில் மூன்று வாய்ப்பே உண்டு. ஆனால் மனிதர் எண்களைச் சமமாகத் தெரிவுசெய்வதில்லை. இணையத்தில் கசிந்த நான்கு இலக்கக் கடவுச்சொற்களை ஆராய்ந்து 2012 இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொன்று 1234 ஆகவே இருந்தது. அடுத்து வந்தது 1111. பிறந்த ஆண்டும் பிறந்த திகதியும் அடையாள அட்டையிலேயே இருப்பவை. கைப்பையைத் திருடியவர் முதலில் அடித்துப் பார்ப்பது அவற்றைத்தான். தொலைபேசி எண்ணின் கடைசி நான்கும் வேண்டாம். நினைவில் நிற்கக்கூடிய, ஆனால் பிறருக்குத் தொடர்பு தெரியாத எண்ணாக இருக்கட்டும்.

காசாளர் முன் நிற்கும்போது

அட்டையைக் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோக விடாதீர்கள். இயந்திரத்தை உங்கள் பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது அவமரியாதையல்ல.

இலக்கத்தை அடிக்கும் முன் திரையில் உள்ள தொகையை வாசியுங்கள். 2,500 க்குப் பதில் ஒரு பூச்சியம் கூடி 25,000 ஆகிவிடக்கூடும். பின்னர் ஒரு கையால் மறைத்து மறு கையால் அடியுங்கள்.

கையொப்பம் கேட்டால், தொகை அச்சிடப்பட்ட சீட்டில் மட்டும் இடுங்கள். வெற்றுச் சீட்டில் ஒருபோதும் வேண்டாம். அட்டையின் பின்புறம் கையொப்பத்துக்கு இடம் இருந்தால், அட்டை கிடைத்த அன்றே இட்டுவிடுங்கள். வெறுமையாக விட்டால் எடுத்தவர் தம் கையொப்பத்தை அங்கே இட்டுக்கொள்வார்.

"பணம் போகவில்லை, இன்னொருமுறை போடுவோம்" என்று சொன்னால், முதல் முயற்சி தோல்வியுற்ற சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வங்கியின் குறுஞ்செய்தியையும் பாருங்கள்.

வெளிநாட்டு அட்டையோடு வந்த உறவினரிடம், "பவுணிலா ரூபாயிலா?" என்று இயந்திரம் கேட்டால், பெரும்பாலும் ரூபாயைத் தெரிவுசெய்வதே இலாபம். மற்றதில் மாற்று விகிதம் குறைவாகக் கிடைக்கும்.

அட்டையால் கட்டுவதற்காக நூற்றுக்கு இரண்டு, மூன்று வீதம் கூடக் கேட்கும் கடைகளும் உள்ளன. அந்தக் கட்டணம் கடைக்காரர் தம் வங்கிக்குக் கொடுக்க வேண்டியது. வாடிக்கையாளர் மேல் சுமத்தக்கூடாது என்று மத்திய வங்கி அறிவுறுத்தியுள்ளது. பற்றுச்சீட்டோடு உங்கள் அட்டையை வழங்கிய வங்கிக்கு முறையிடலாம்.

பற்றுச்சீட்டுகளை மாத இறுதிவரை ஓர் உறையில் சேர்த்து, கணக்கு அறிக்கையோடு ஒப்பிடுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி வலியுறுத்தும் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது என்பதை நாம் அறிவோம். அந்தப் பழக்கத்துக்கு இன்றைய வடிவம் இந்த உறை.

தொலைந்தால், தெரியாமல் பணம் போனால்

முதல் வேலை வங்கியின் அவசர இலக்கத்துக்கு அழைத்து அட்டையை முடக்குவது. அந்த இலக்கம் அட்டையின் பின்புறத்தில்தான் இருக்கும். அட்டை தொலைந்தால் அதுவும் தொலைந்துவிடும். ஆகவே இன்றே அதைத் தொலைபேசியிலும் வீட்டுச் சுவரிலும் குறித்து வையுங்கள். தீவிலிருந்து நகரக் கிளைக்கு நேரில் போய்ச் சொல்லலாம் என்று பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். அறிவிப்பதற்கு முன் நடந்த செலவுக்கும் பின் நடந்த செலவுக்கும் பொறுப்பு வேறாகும். அழைத்த நேரத்தையும் பேசியவரின் பெயரையும் எழுதி, அதன்பின் எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள்.

வங்கியின் பதில் திருப்தியில்லையென்றால், இலங்கை மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். நிதி ஒம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம். "இலக்கம் அடிக்கப்பட்டுள்ளது" என்ற ஒரு வசனத்தோடு எவரும் உங்களைத் திருப்பி அனுப்பினால், எந்தக் கடை, எந்த நேரம், சிப்பா காந்தப்பட்டியா, இலக்கமா கையொப்பமா என்ற விவரங்களை எழுத்தில் கேளுங்கள். இக்கட்டுரையை வாசித்த பின் அந்தச் சொற்கள் உங்களுக்கு அந்நியமாக இராது.

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இலக்கத்தையோ, தொலைபேசிக்கு வந்த ஒருமுறைக் குறியீட்டையோ கேட்பவர் வங்கி ஊழியர் அல்லர். உண்மையான வங்கி அதைக் கேட்காது. பேச்சை வெட்டிவிட்டு நீங்களே வங்கிக்கு அழையுங்கள்.

பெருவிரல் அடையாளம் வைத்த பாட்டிமாரின் பேத்திகள் இன்று உயர்தர வகுப்பில் கணக்கியல் படிக்கிறார்கள். அடுத்த முறை நகரத்துக்குப் போகும்போது உம்மாவின் அட்டையை அவர் கையிலேயே விட்டுவிடுங்கள். புறப்படும் முன், அதோடு மடித்து வைத்த அந்தத் துண்டுத் தாளை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள்.